பால்கனியில் கேக்டஸ், வீட்டில் நாய்க்குட்டி: எது விஷம், எது வெறும் முள்?

கோவையில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். நாலரை மாத லேப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது. பால்கனியில் நான்கு கேக்டஸ் தொட்டிகள். ஒன்று, பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்புப் பந்து வைத்தாற்போல் இருப்பது. இரண்டாவது, நர்சரிக்காரர் 'பன்னி இயர்' என்று சொல்லிக் கொடுத்தது. மூன்றாவது மூன்று பட்டையாக நெட்டுக்குத்தாக வளர்ந்து, ஓரங்களில் குட்டிக் குட்டியாக இலை விட்டிருப்பது. நான்காவது தொங்கும் தொட்டியில், முள்ளே இல்லாமல் ரோஸ் நிறத்தில் பூப்பது. "கேக்டஸ் நாய்க்கு விஷமா? எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?" என்பது கேள்வி.

மூன்றாவதைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவதைக் குட்டிக்கு எட்டவே எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மற்ற இரண்டும் இருக்கட்டும். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும். நான் கால்நடை மருத்துவம் பார்க்கிறவன். மொட்டைமாடியில் ஐம்பது அறுபது முள்தொட்டி வளர்க்கும் பைத்தியமும் உண்டு. அதனால் நாய்க்காகவும் பேசுவேன், செடிக்காகவும் பேசுவேன்.

தாவரவியலில் கேக்டஸ் என்று சொல்லப்படும் குடும்பத்துச் செடிகளில், வீட்டில் வளர்ப்பவை ஏறக்குறைய எதுவும் நாய்க்கு விஷம் இல்லை. அமெரிக்காவில் விலங்குகளுக்கான நஞ்சுத் தகவல் மையம் நடத்தும் ஏஎஸ்பிசிஏ, உங்கள் தொங்கும் தொட்டியில் இருக்கும் கிறிஸ்துமஸ் கேக்டஸை நாய்க்கும் பூனைக்கும் நச்சற்றது என்றே பட்டியலில் வைத்திருக்கிறது. குட்டி அதில் நாலு தண்டைக் கடித்து விழுங்கினால் ஒருவேளை வாந்தி எடுக்கும், ஒரு நாள் வயிறு இளகிப் போகும், அவ்வளவுதான். சிவப்புப் பந்து வைத்ததும் அப்படியே. அது ஒரு செடி இல்லை, இரண்டு: மேலே பச்சையம் இல்லாத ஒரு குட்டிக் கேக்டஸ், கீழே அதற்குச் சோறு போடும் டிராகன் பழச் செடியின் தண்டு. ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். பழத்தைத் தின்கிறோமே, அந்தச் செடிதான். முள் குத்தும், விஷம் கிடையாது. விதிவிலக்கு என்றால் மெஸ்கலின் என்னும் போதைச்சத்து உள்ள பெயோட்டி, சான் பெத்ரோ போன்ற சில. பெயோட்டி உங்கள் பால்கனியில் இருக்க வாய்ப்பில்லை. சான் பெத்ரோ, தூண் மாதிரி வளரும், தீவிரச் சேகரிப்பாளர்களிடம் ஒட்டுக்கட்டும் அடிச்செடியாக இருக்கும்.

அப்படியானால் மூன்றாவதை ஏன் கொடுக்கச் சொல்கிறேன்? அது கேக்டஸே இல்லை என்பதால்.

இந்தக் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'கள்ளி' என்ற சொல் நமக்கு மிகப் பழையது. சங்கப் பாட்டின் பாலை நிலத்தில் கள்ளி நிற்கிறது. ஆனால் கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் தானாக வளரும் மெல்லிய தொங்கு வகை ஒன்றைத் தவிர, கடல் தாண்டி இயற்கையாக எங்கும் கிடையாது. ஆகவே பாட்டில் வரும் கள்ளி கேக்டஸாக இருக்கவே முடியாது. அது யூபோர்பியா: சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, இந்தக் கூட்டம். ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். பிற்பாடு கப்பலேறி வந்த சப்பாத்திக்கள்ளியும் முள்ளும் சதையுமாக இருந்ததால் நம் ஆட்கள் அதற்கும் கள்ளி என்றே பேர் வைத்துவிட்டார்கள். அது இங்கே காடு மேடெல்லாம் பரவி, 1926இல் இலங்கையிலிருந்து சாயப்பூச்சி இனம் ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது என்பது தனிக் கதை. நர்சரிகள் இப்போது அதே தப்பைத் திருப்பிப் போட்டுச் செய்கின்றன: யூபோர்பியாவுக்கு 'கேக்டஸ்' என்று சீட்டு ஒட்டி விற்கின்றன. பென்சில் கேக்டஸ் என்று விற்பது நம் திருகுகள்ளி. சுருண்டு சுருண்டு விசிறி போலிருக்கும் கோரல் கேக்டஸ், ஒரு யூபோர்பியாவின் தலையில் இன்னொரு யூபோர்பியாவை ஒட்டியது. உங்கள் மூன்று பட்டைச் செடி, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், யூபோர்பியா டிரைகோனா. ஆப்பிரிக்காக்காரன், நம் சதுரக்கள்ளிக்குப் பங்காளி.

கள்ளிப்பால் என்ற சொல் தமிழ்நாட்டில் எதை நினைவுபடுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாய் விஷயத்தில் அது செய்வது பெரும்பாலும் பட்ட இடத்தைச் சுட்டுப் புண்ணாக்குவது. குட்டி கடித்த உடனே நாக்கும் ஈறும் எரியும், எச்சில் நூலாக ஒழுகும், முகத்தைத் தரையில் தேய்க்கும். உள்ளே போனால் வாந்தி, பேதி. ஆனால் எரிச்சல் உடனே தெரிவதால் அதிகம் தின்பதற்குள் நாயே விட்டுவிடும். வீட்டுத் தொட்டிச் செடியால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்குத்தான். பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து புண்ணாகும், பார்வை மங்கும். ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டால் தழும்பு நிற்கும்.

எது எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கேக்டஸின் முள் தனியாக முளைக்காது. பஞ்சுத் திண்டு மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதிலிருந்து கொத்தாக வரும். யூபோர்பியாவில் அந்தப் பஞ்சு இருக்காது. முள் பெரும்பாலும் ஆட்டுக்கொம்பு போல் ஜோடி ஜோடியாகத் தண்டின் விளிம்பிலேயே இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஊசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் கேக்டஸ். பால் கொப்பளித்தால் யூபோர்பியா. (குண்டுக் கேக்டஸ்களில் சில மாமிலேரியா வகைகளும் பால் விடும், ஆனால் அது இந்தச் சுடும் பால் இல்லை. அதனால் பஞ்சுப் புள்ளியையும் சேர்த்தே பாருங்கள்.) பார்த்து முடித்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

இரண்டாவது தொட்டிக்கு வருகிறேன். முதலில் பேர்: பன்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, முயல் காது என்பதைத்தான் நர்சரிக்காரர் இங்கிலீஷில் சொன்னார். பார்க்க மெத்து மெத்தென்று, மஞ்சள் பொட்டு வைத்த முயல் காது போலவே இருக்கும். நீள முள் ஒன்றுகூட இருக்காது. அதனாலேயே "இது ஒன்றும் செய்யாது" என்று நம்பி வாங்குகிறார்கள். விஷமற்ற கேக்டஸ்களில் நாய் வளர்ப்பவர் வீட்டுக்கு வரவே கூடாத செடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அந்த மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றும் சுணைக்கட்டு. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் குச்சியில் குத்தித் தரையில் தேய்த்துத் தின்றவர்களுக்குத் தெரியும்: அவ்வளவு தேய்த்தும் உதட்டில் ஏதோ ஒன்று நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருக்குமே, அதேதான். இரண்டும் ஒரே பேரினம். ஒவ்வொரு சுணையும் மயிரைவிட மெல்லியது, நுனியில் தூண்டில் போலப் பின்நோக்கிய கொக்கிகள். லேசாக மூக்கு பட்டாலே கொத்தாகக் கழன்று வந்துவிடும். உள்ளே போவது சுலபம், வெளியே வராது. நாய் நக்க நக்க இன்னும் ஆழமாகப் போகும்.

என்னிடம் வந்த ஒரு பக் நாயைச் சொல்கிறேன். காலையிலிருந்து வாயை மூடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, முன்காலால் வாயைப் பிறாண்டுகிறது, சோறு வேண்டாம் என்கிறது. வீட்டார் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்தார்கள். பாட்டியம்மாவுக்கு மட்டும் வெறிநோயோ என்று பயம், கிட்டவே வரவில்லை. மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் நாக்கு முழுக்கச் சாமந்திப்பூவின் தூளைத் தூவியது போல மஞ்சள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடுங்கினேன். எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மிச்சம் இருந்தவை சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பி, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கின. பக், ஷிட்சூ போன்ற துருத்திய கண் உள்ள ஜாதிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: முகர்ந்து பார்க்க முகத்தை நீட்டினால் மூக்குக்கு முன்னால் கண்தான் முள்ளில் போய் நிற்கும்.

சரி, குத்திவிட்டது. என்ன செய்வது?

நாயை ஓடவிடாதீர்கள், நக்கவிடாதீர்கள். கழுத்துக் கூம்பு இருந்தால் உடனே மாட்டுங்கள். வலியில் இருக்கும் நாய் எஜமானரையும் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் செல்லம் அப்படிச் செய்யாது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். காலிலோ தோலிலோ தெரியும் பெரிய முள் என்றால் ட்வீசரால் முள்ளின் அடியில் பிடித்து, அது போன சாய்விலேயே நேராக இழுங்கள். வளைத்தால் ஒடிந்து உள்ளே நின்றுவிடும். பாதத் திண்டுக்கு இடையிலும் விரல் இடுக்கிலும் விளக்கடித்துப் பாருங்கள். கேக்டஸின் சொந்த ஊரான அரிசோனா பக்கம் நாயோடு நடக்கப் போகிறவர்கள் பையில் சீப்பு வைத்திருப்பார்கள். சோயா (cholla, பயறு இல்லை) என்ற கேக்டஸின் முட்கட்டி காலில் ஒட்டினால், கையால் தொடாமல் சீப்பால் நெம்பித் தள்ளிவிடலாம். நமக்கு சோயா இல்லை, ஆனாலும் அந்தச் சீப்பு வித்தை நல்ல வித்தை.

சுணை என்றால் மயிர் குறைந்த இடத்தில் அகலமான ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் கொஞ்சம் வரும். மனிதர் கையில் சுணை ஏறினால் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே துணி வைத்து, காய்ந்ததும் உரிக்கிற முறை ஒன்று உண்டு. நன்றாகவே வேலை செய்யும். நாயின் மயிரில் அதைச் செய்தால் உங்களுக்கும் நாய்க்கும் இருக்கிற உறவு கெடும். சட்டென ஒட்டும் பசைகளைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் பத்துப் போடுவதும் வேண்டாம்: நாய் நக்கித் தின்றுவிடும், எனக்கு முள் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

வாய்க்குள், தொண்டையில், கண்ணில் என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராகக் கிளம்ப வேண்டியதுதான். விழுங்கிவிட்டு இருமுகிறது, ஓங்கரிக்கிறது என்றாலும் அப்படியே. பக்கத்தில் மருத்துவர் இல்லாதவர்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. முள் எடுத்து ஒரு வாரம் கழித்தும் நொண்டினாலோ, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தாலோ, வீக்கம் வந்தாலோ, உள்ளே துண்டு நின்று சீழ் கோத்திருக்கும். திரும்பக் காட்டுங்கள்.

கள்ளிப்பால் பட்டிருந்தால் வாயை ஈரத்துணியால் துடைத்து, தலையைக் கீழ்நோக்கி வைத்துப் பக்கவாட்டில் தண்ணீர் விட்டு அலசுங்கள், தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள். மயிரில் ஒட்டிய பால் பிசின் மாதிரி, வெறும் தண்ணீருக்குப் போகாது; நாய் ஷாம்பு போட்டுத்தான் எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் கண் சொட்டு மருந்தை ஊற்ற வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியிலும் புண் இருந்தால், புண் ஆழமாகிவிடும்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள். சுடும் பால் போன வழியே திரும்ப வந்து இரண்டாம் முறை சுடும். போதாக்குறைக்கு அந்த உப்பே ரத்தத்தில் ஏறி நாய்க்கு வலிப்பு வரும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுப்பதும் அப்படித்தான். கள்ளி செய்யாத கெடுதலை அந்த மாத்திரை செய்யும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேக்டஸ் வாங்குகிறவர்கள் வீட்டில் வேறு சிலதும் அதே வரிசையில் நிற்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அடீனியம் இருக்கிறதா? அடி பருத்து, ரோஜாப்பூ நிறத்தில் பூக்குமே, மொட்டைமாடிகளில் இப்போது அதுதான் ராஜா. அது அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் அதன் சாற்றை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள்; இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும் விஷம். ரணகள்ளி என்று நாம் சொல்லும் செடியிலும், நர்சரியில் கலஞ்சோ என்று கொத்துக் கொத்தாகப் பூத்து விற்கும் அதன் உறவுச் செடியிலும் இதயத்தைத் தாக்கும் சத்து உண்டு. பாருங்கள், பேரில் மறுபடியும் கள்ளி. அடீனியம், ரணகள்ளி, கலஞ்சோ, இவற்றில் எதை நாய் தின்றுவிட்டாலும் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். சோற்றுக்கற்றாழையின் தோலுக்கடியில் வரும் மஞ்சள் பால் பேதியைக் கொடுக்கும். ஜேட் செடி வாந்தி, தள்ளாட்டம். எச்செவேரியா, ஹவார்த்தியா இரண்டும் பயமில்லை. குட்டை ஈச்சம் போலிருக்கும் சைகஸை மட்டும் நாய் இருக்கும் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். அதன் எந்தப் பாகமும், முக்கியமாகக் கொட்டை, ஈரலைக் கொன்றுவிடும்.

அடுத்தது தொட்டி மண். செடியைவிட எனக்கு இதில்தான் அதிகக் கவலை. லேப்ரடார் குட்டிக்கு முள் வேண்டாம், வாசனை வேண்டும். எலும்புத்தூள் போட்ட தொட்டி அதற்குப் பிரியாணி. நிறையத் தின்றால் எலும்புத்தூள் வயிற்றில் சிமெண்ட் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அதைவிட மோசம் ஆமணக்குப் புண்ணாக்கு. இயற்கை உரம் என்று கிலோ கணக்கில் வாங்கிக் கலக்குகிறோம். சரியாகச் சூடாக்கி நஞ்சு முறிக்காத புண்ணாக்கில் ரைசின் அப்படியே இருக்கும். எலும்புத்தூளோடு சேர்த்துப் போட்டால் நாயைக் கூப்பிட்டு விஷம் வைத்தது போலத்தான். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வாந்தியும் ரத்தப் பேதியும் தொடங்கும். வேப்பம்புண்ணாக்கு கசப்பதால் பெரும்பாலும் நாய் சீண்டாது. மாவுப்பூச்சிக்காக நர்சரியில் மண்ணில் குருணை மருந்து போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேட்டுத் தெரியாவிட்டால் மண்ணை மாற்றிவிடுங்கள். கேக்டஸுக்கு மண் மாற்றுவது எப்படியும் நல்லதுதான். மேலே பரப்பும் வண்ணக் கூழாங்கற்களையும் எடுத்துவிடுங்கள், குட்டி விழுங்கினால் குடலை அடைக்கும். சிவப்புப் பந்துக்காரன் தலையில் காகிதம் போல் மொடமொடவென்று ஒரு பூ இருந்தால் பிய்த்துப் பாருங்கள். சூடான பசையால் ஒட்டிய பூவாக இருக்கும்.

உங்கள் குட்டிக்கு நாலரை மாதம், பால் பல் விழுந்து முளைக்கும் பருவம். ஆறு, ஏழு மாதம் வரை ஈறு தினவெடுக்கும், எதையும் கடிக்கும். குளிர வைத்த கேரட், ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்தது, இப்படி எதையாவது பக்கத்தில் இருந்து கடிக்கக் கொடுங்கள். தொட்டியை ஸ்டூலில் ஏற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த லேப்ரடார் வாலை ஆட்டினால் ஸ்டூல் சாயும், பின்காலில் நின்றால் நாலடிக்கு எட்டும். சுவரில் ஆணியடித்த தட்டு, அல்லது கம்பியில் மாட்டும் தொட்டி. முயல் காதை வெயில் படும் ஜன்னலின் வெளிப்பக்கம் வையுங்கள், குட்டிக்கு முகம் நீட்ட வழியிருக்கக் கூடாது. யூபோர்பியாவைக் கொடுக்கும்போது கிளை வெட்டி எடுக்க வேண்டாம், தொட்டியோடு கொடுங்கள். வாங்குகிறவர் வீட்டில் நாயோ சின்னப் பிள்ளையோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அந்த இடம் காலியாக இருக்கிறதே என்று தோன்றினால் பிரம்மகமலம் வையுங்கள். ராத்திரி பூத்து விடியும்முன் வாடிவிடும் அந்தப் பெரிய வெள்ளைப் பூ, நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். அது நிஜமான கேக்டஸ், பலருக்குத் தெரியாது. வளர்ந்த செடியில் முள் கிடையாது, நாய்க்கு விஷமும் கிடையாது. இலை போலத் தெரியும் தண்டில் ஒரு சாண் ஒடித்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு நட்டால் வேர் பிடித்துவிடும். விலைக்கு வாங்க வேண்டாம். உங்கள் குடியிருப்பில் யாராவது ஒரு வீட்டில் கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.